கல்வெட்டில் வாழ்வோர்
திருக்கோணமலை வட்டாரத்து நினைவிலக்கியம் பற்றிய ஒரு திறனாய்வு

திருக்கோணமலை நகருக்கு அணித்தாய்க் கன்னியா என்னும் இடத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. இலங்கை வேந்தனாகிய இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் ஆற்றிய வரலாற்றோடு அவ்வூற்றுகளை இணைத்துக் கூறுவது செவிவழி வந்த மரபு. அம்மரபை யொட்டி, இறந்தோர்க்குரிய அந்தியேட்டிக் கடனை அங்குச் சென்று ஆற்றும் வழக்கம் இவ்வட்டாரத்துச் சைவ மக்களிடையே நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. முப்பத்தோராம் நாட் கடனும் வீட்டுக்கிருத்தியமும் நிறைவுற்றபின், கூடியிருக்கும் உற்றார் உறவினர் கையில் ஒரு சிறு நூல் வழங்கப்படும். முகப்பில் மறைந்தவரின் உருவப்படம் இருக்கும். உள்ளே அவர்தம் வரலாறு செய்யுளிலோ உரைநடையிலோ அமைந்திருக்கும். அதன் பெயர் கல்வெட்டு. தாளில் அச்சிட்டதைக் கல்வெட்டு என்று வழங்குவது அயலார்க்கு வியப்பளிக்கலாம். ஈழத்தமிழர் செவிக்கோ அது பிறந்த நாள்தொட்டுப் பழகிய சொல்லாகும்.

ஈழத்தில் அச்சேறிய தமிழ் நூல் வகைகளுள் மிகப் பல வீடுகளைச் சென்றடைந்த வகை யாது என வினவின், கல்வெட்டு என்றே விடை கூறவேண்டியிருக்கும். நாவல் வாங்காத வீடும் உண்டு. கவிதைத் தொகுதி கண்ணாற் காணாத வீடும் உண்டு. பூசையறையிலோ அலுமாரியிலோ நான்கைந்து கல்வெட்டுகள் இல்லாத சைவ வீடு அரிது. ஆயினும் திறனாய்வாளர் பார்வை இவ்விலக்கிய வகைமீது சென்றது மிகச் சிலபோதே. அதற்குக் காரணம் உண்டு. துயருற்ற நாளில் அன்பினால் அளிக்கப்படும் ஒன்றைக் குற்றங் குணம் நாடுவது பண்பன்று என்ற எண்ணம் யாவரிடத்தும் உளது. அவ்வெண்ணம் மதிக்கத்தக்கதே. எனினும், ஒருவர் எண்பது ஆண்டு வாழ்ந்து, குடும்பம் பேணி, இறைவழிபாட்டில் ஊன்றி, ஊருக்கு உழைத்து மறைந்தபின், அவ்வாழ்க்கைக்கு எஞ்சி நிற்கும் எழுத்துச் சான்று அச்சிறு நூல் ஒன்றேயாயின், அது தன் கடமையைச் செய்கின்றதா என ஆராய்வதும் மறைந்தவர்க்குச் செய்யும் மரியாதையே யாகும்.

கல்வெட்டு என்னும் பெயர் இவ்விலக்கிய வகையின் தொன்மையைக் காட்டுவது. போரில் வீழ்ந்த மறவர்க்குக் கல் நட்டு, அதன்கண் அவர் பெயரையும் பெருமையையும் பொறித்து வழிபட்ட வழக்கம் சங்க காலத்தது. அவ்வழக்கத்தைத் தொல்காப்பியம் புறத்திணையில் ஆறு துறைகளாக வகுத்துள்ளது. கல்லைத் தேடிக் காண்டலாகிய காட்சி முதலில் வைக்கப்பெற்றது. கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை என்பன தொடர்ந்து வர, வாழ்த்தல் இறுதியில் நின்றது. இம்முறைவைப்பு நினைவிலக்கியம் இயற்றுவோர் ஊன்றி நோக்கற்பாலது. முதலிற் காண்டலும் முடிவில் வாழ்த்தலுமே பண்டையோர் கண்ட நெறி. இக்காலக் கல்வெட்டுகளிற் பலவற்றின் குறை, காட்சியைத் துறந்து வாழ்த்தலிலேயே தொடங்கி, வாழ்த்தலிலேயே நடந்து, வாழ்த்தலிலேயே முடிதல்தான்.

மரபு வழிப்பட்ட கல்வெட்டின் அமைப்பைச் சுருக்கமாக நோக்குதல் பொருந்தும். விநாயகர் காப்போடு நூல் தொடங்கும். அடுத்து நாட்டுச் சிறப்பும் ஊர்ச் சிறப்பும் வரும். திருக்கோணமலையாயின், திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம் என்பதும், மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த மலை என்பதும், உலகறிந்த இயற்கைத் துறைமுகம் என்பதும் தவறாது இடம்பெறும். அதன்பின் மரபு, பிறப்பு, கல்வி, தொழில், திருமணம், மக்கட்பேறு, சமயப்பணி, சமூகப்பணி, மறைவு என்பன வரிசையாக அமையும். பின்னர் மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் ஆகியோர் கூற்றாகப் புலம்பல்களும், அவர்களைத் தேற்றும் செய்யுள்களும் வரும். நூலின் பிற்பகுதியில் தேவாரமும் சிவபுராணமும் பிற தோத்திரங்களும் சேர்க்கப்பெறும். இறுதியில் குடும்பத்தாரின் நன்றியுரை நிற்கும்.

இவற்றோடு திதி வெண்பா என ஒன்றும் உண்டு. நூல் முழுவதிலும் தகுதியால் உயர்ந்து நிற்பது அவ்வொரு பாடலே எனலாம். ஆண்டுதோறும் திவசம் செய்வோர்க்கு ஆங்கிலத் தேதி பயன்படாது. மறைந்த மாதமும், வளர்பிறையா தேய்பிறையா என்பதும், திதியும் தெரிதல் வேண்டும். இவற்றை மறவாது வைத்திருத்தற்கு முன்னோர் கண்ட வழி வெண்பாவாகும். அறுபது ஆண்டு வட்டத்தில் எந்த ஆண்டு, எம்மாதம், எப்பக்கம், எத்திதி, மறைந்தவர் பெயர், அவர் இறைவனடி சேர்ந்தமை ஆகிய அனைத்தையும் நான்கு அடிகளுள் அடக்கவேண்டும். தளை தட்டாமல் இருக்கவேண்டுமாதலின் ஒரு சொல்லை மாற்றின் பிழை உடனே வெளிப்படும். ஆகவே செய்தியும் சிதையாது. முகமனுக்கு அங்கு இடமில்லை. எழுத்தறியாத மூதாட்டியும் அவ்வெண்பாவை மனனம் செய்து, பேரனுக்குச் சொல்லிக்கொடுக்க இயலும். பயன் கருதிப் பிறந்த பாட்டு என்பதனாலேயே அது வாய்மை யுடையதாயிற்று.

வெண்பாவைக் கடந்து வரலாற்றுப் பகுதிக்குள் புகுந்தால் நிலைமை மாறிவிடுகின்றது. ஈகையிற் கன்னன், பொறுமையிற் பூமி, பழகுதற்கு இனியர், பார்ப்போரைக் கவரும் பண்பினர், தொட்டதைத் துலக்கும் ஆற்றலர் என்றாங்குத் தொடர்கள் அடுக்கி வருகின்றன. இவை பொய் என்று எவரும் கூறமாட்டார். ஆனால் இவை யாருக்கும் பொருந்துவன. ஒரு கல்வெட்டிலிருந்து பெயரை நீக்கி வேறொருவர் பெயரை இட்டு வாசித்தால், பெரும்பாலான பக்கங்களில் எவ்வித முரணும் தோன்றாது. ஒருவரை நினைவு கூர்தற்கென எழுதிய நூல் பிறர்க்கும் அவ்வாறே பொருந்துமாயின், அந்நூலில் அவர் இல்லை என்பதே அதன் பொருள். புகழுரை மிகுந்ததனால் விளைந்த குறை இது. மாலைகள் மிகுந்து முகத்தை மறைத்த உருவப்படம் போல, அடைமொழி மிகுந்து ஆளை மறைத்துவிட்டது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இவ்வட்டாரத்துப் பெரியார் பலருடைய கல்வெட்டுகளிற் காணப்படும் ஒரு தொடர், ஆலயத் திருப்பணிகளில் முன்னின்று உழைத்தார் என்பது. திருக்கோணமலையில் இத்தொடருக்குப் பின்னால் எத்துணை வரலாறு மறைந்து கிடக்கின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கோணேசர் பெருங்கோயிலைப் போர்த்துக்கீசர் 1624ஆம் ஆண்டில் இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். அதற்குப் பின் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மலையுச்சியில் பழைய கோயில் இன்றி, பாறையையும் கடலையும் நோக்கியே வழிபாடு நிகழ்ந்தது. 1950ஆம் ஆண்டில் நகரில் நிலத்தை அகழ்ந்தபோது பழைய தெய்வத் திருமேனிகள் சில வெளிப்பட்டன. அவற்றைக் கண்ட மக்களின் உள்ளத்தெழுச்சியால் மீண்டும் கோயில் எழுந்து, 1963ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் குடமுழுக்கு நிகழ்ந்தது.

அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டியவர் யார்? கணக்கு எழுதியவர் யார்? கோட்டை வாயிலூடே மலைமேல் மணலும் கல்லும் கொண்டு செல்ல வண்டி கொடுத்தவர் யார்? வேலையாட்களுக்குச் சோறு சமைத்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தரவேண்டிய ஏடு, அத்தலைமுறையினர் ஒவ்வொருவராக மறைந்தபோது அவர்தம் இல்லங்களில் வெளியிடப்பெற்ற கல்வெட்டேயாம். முன்னின்று உழைத்தார் என்ற இரண்டு சொற்கள் அவ்விடையைத் தருவதில்லை.

இவ்விடத்தில் திருக்கோணமலைக்கே உரிய மற்றொரு கல்வெட்டு நினைவுக்கு வருகின்றது. அது கவிராசவரோதயர் இயற்றிய கோணேசர் கல்வெட்டு. பெயரால் கல்வெட்டாயினும் அதுவும் ஏட்டில் எழுதப்பெற்ற நூலே. குளக்கோட்டன் என்னும் மன்னன் கோணேசர் கோயிலைச் செப்பஞ் செய்ததையும், கந்தளாய்க் குளத்தை அமைத்துக் கோயிலுக்கு வேண்டிய நெல்லுக்கு வழிசெய்ததையும், கோயிற் பணிக்கென மருங்கூர், காரைக்கால் முதலிய இடங்களிலிருந்து குடிகளைக் கொணர்ந்து குடியமர்த்தியதையும் அது பாட்டும் உரையும் கலந்து கூறுகின்றது. தானத்தார், வரிப்பத்தார் எனத் தொழும்பாளர் வகுக்கப்பெற்றனர். மலர் எடுத்தல், மாலை தொடுத்தல், விளக்கேற்றுதல், நெற்குற்றுதல், மெழுகிடுதல் போன்ற சிறு தொண்டுகளும் இன்னார் கடன் என்று அந்நூலில் வரையறை பெறுகின்றன.

கோணேசர் கல்வெட்டை முழுதும் வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. அதிற் புராணமும் கலந்துள்ளது. குளக்கோட்டனின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. உரிமையும் வரிசையும் பற்றிய ஏடாதலின், அவ்வுரிமையை நாட்ட விரும்பியோரின் நோக்கமும் அதனுட் புகுந்திருத்தல் கூடும். எனினும் திறனாய்வு நோக்கில் அதனிடம் ஒரு பெருஞ் சிறப்பு உளது. கோயிலை அது வெறும் பெருமையாகக் காணவில்லை. நாள்தோறும் பல கைகள் செய்யும் வேலையாகக் கண்டது. விளக்கு எரிகின்றது என்று சொல்லி அமையாது, அதற்கு எண்ணெய் வந்த வழியையும் திரியிட்ட கையையும் கேட்கும் மனப்பான்மை அதனுடையது.

அந்நூலுக்கும் ஒரு குறை உண்டு. அரசர் பெயரும் தலைவர் பெயரும் அதில் உள. ஆனால் நெற்குற்றிய பெண்ணுக்கோ மாலை தொடுத்த முதியவருக்கோ தனிப்பெயர் இல்லை. அவர்கள் குடியாகவும் வகுப்பாகவுமே நிற்கின்றனர். ஆகவே பழைய கல்வெட்டில் தொண்டு விளங்குகின்றது, தொண்டு செய்த ஆள் விளங்கவில்லை. இக்கால நினைவுக் கல்வெட்டில் ஆளின் பெயரும் படமும் விளங்குகின்றன, அவர் செய்த தொண்டு விளங்கவில்லை. இவ்விரண்டும் ஒன்றுசேரும் இடமே நினைவிலக்கியத்தின் உரிய இடம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

அவ்வாறு ஒன்றுசேர்ந்த நிலையைக் காண அயல்மொழிகளுக்குச் செல்லவேண்டியதில்லை. சேக்கிழார் பெருமான் பன்னிரண்டாம் நூற்றாண்டில் அருளிய பெரியபுராணத்தில் அப்பூதியடிகள் வரலாறு அதற்குச் சாலும். குடும்பம், பக்தி, பொதுத்தொண்டு ஆகிய மூன்றும் நிறைந்த இல்லறத்தார் அவர். திங்களூரில் வாழ்ந்த அவர், தாம் நேரிற் கண்டிராத திருநாவுக்கரசர்மீது கொண்ட அன்பினால், தம் மக்களுக்கும் வீட்டிலுள்ள அளவைகளுக்கும் பசுக்களுக்கும் தண்ணீர்ப்பந்தருக்கும் அவர் பெயரையே இட்டிருந்தார். அவர் அன்பு மிக்கவர் என்று கூறி மேற்செல்லச் சேக்கிழாருக்கு மனம் வரவில்லை. வழிப்போக்கர் நீர் அருந்தும் பந்தரில் எழுதியிருந்த பெயரைத் திருநாவுக்கரசர் தாமே கண்டு வினவுமாறு காட்சியை அமைத்தார். அன்பின் அளவு தண்ணீர்ப்பந்தரால் விளங்கியது.

அவ்வரலாற்றின் பிற்பகுதி இன்னும் நுணுக்கமானது. விருந்தினருக்கு வாழையிலை அரியச் சென்ற மூத்த மகனை அரவு தீண்டுகின்றது. அவன் கொண்ட பணியை விடாது இலையைத் தாயின் கையிற் கொடுத்து வீழ்கின்றான். விருந்து தடைப்படலாகாது என்று தாயும் தந்தையும் மைந்தன் உடலை மறைத்துவைத்து அமுதுக்கு அழைக்கின்றனர். திருநாவுக்கரசர் உண்மை உணர்ந்து பதிகம் பாட, மைந்தன் உயிர்பெற்று எழுகின்றான். ஈண்டுக் கருதத்தக்கது, குடும்ப வாழ்க்கை எங்கு முடிகின்றது, பக்தி எங்குத் தொடங்குகின்றது, தொண்டு எங்கு நிகழ்கின்றது என்று பிரித்துக் காட்ட இயலாமையே. ஒரே இலையில் மூன்றும் அமைந்துவிட்டன. இக்காலக் கல்வெட்டுகளோ இல்லறம், சமயப்பணி, சமூகப்பணி என மூன்று தலைப்புகளிட்டு, ஒரு வாழ்க்கையை மூன்று அறைகளாகத் தடுத்துவிடுகின்றன. ஊர்ச்சபையில் ஒருவர் இருபது ஆண்டு உழைத்தாரெனின், அவ்விருபது ஆண்டும் அவர் வீட்டு அடுப்பு எவ்வாறு எரிந்தது என்பதும் அவ்வுழைப்பின் ஒரு பகுதியேயாம்.

இவ்விடத்து ஒரு தடை எழுதல் கூடும். துயரத்தில் இருப்போரிடம் நுணுக்கமும் சான்றும் கேட்பது முறையோ? புலம்பல் வரலாறு ஆகுமோ? இத்தடைக்கு விடை கையறுநிலைப் பாடல்களிலேயே உண்டு. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல், அவன் கள்ளைப் பகுத்த முறையை நினைவு கூர்கின்றது; சிறிதளவே இருப்பின் அதனைப் புலவர்க்கே கொடுத்துவிடும் இயல்பினன் என்கின்றது. வள்ளல் என்ற சொல்லைப் பன்முறை கூறுவதினும் அந்தச் சிறு நிகழ்ச்சி அவன் இல்லாத வெறுமையை ஆழமாக உணர்த்துகின்றது. துயரம் நுணுக்கத்தை வெறுப்பதில்லை. தாய் இறந்த வீட்டில் மக்கள் ஒருவரோடொருவர் உண்மையிற் பேசிக்கொள்வன எவை? அவர் எந்தக் கறிக்கு எவ்வளவு உப்பு இடுவார், எந்தத் திருவிழாவுக்கு எந்தப் புடவை உடுப்பார், எந்தப் பேரனைக் கண்டித்துவிட்டுப் பின் இரகசியமாக இனிப்புக் கொடுப்பார் என்பனவே. அம்மக்களின் கூற்றாகப் புலம்பல் எழுதும் புலவர் அச்செய்திகளைக் கேளாது, தம் கைவசமுள்ள எதுகை மோனைகளை அவர்தம் வாயில் இட்டுவிடுகின்றார்.

திருக்கோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கியவரும், 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவருமான சுவாமி விபுலாநந்தர் (1892-1947) தம் நண்பர் கந்தசாமியின் மறைவு குறித்துப் பாடிய கங்கையில் விடுத்த ஓலை இதற்கு மற்றொரு சான்று. துறவியாகிய அவர் நண்பருக்குப் புகழ்மாலை சூட்ட முற்படாது, அவருக்கு ஓலை எழுதும் முறையில் அப்பாடலை அமைத்தார். ஓலை என்பது ஒருவருக்கு எழுதப்படுவது. பெறுநரை அறிந்தாலன்றி அதனை எழுத இயலாது. நினைவிலக்கியம் இயற்றுவோர் அனைவர்க்கும் அவ்வடிவமே ஒரு பாடமாகும். மறைந்தவரைப் பற்றி ஊருக்கு எழுதும்போது பொதுச்சொற்கள் வந்து குவியும்; மறைந்தவருக்கே எழுதுவதாகக் கொண்டால் அவரும் எழுதுவோரும் மட்டுமே அறிந்தவை முன்வந்து நிற்கும்.

புகழுரையின் தீங்கு பெண்களின் கல்வெட்டுகளில் இன்னும் மிகுதி. ஆடவர்க்குப் பதவியும் பணியுமாவது ஆண்டோடு குறிக்கப்பெறுகின்றன. எண்பத்தைந்து ஆண்டு வாழ்ந்த ஒரு பெண்மணிக்கோ, இன்னாரின் புதல்வியாய்ப் பிறந்து, இன்னாரைக் கைப்பிடித்து, இத்தனை மக்களைப் பெற்று, இல்லறத்தை இனிது நடத்தினார் என ஒரு வாக்கியம் அமைந்துவிடுகின்றது. அவர் படித்த பள்ளி, கற்ற பாட்டு, செய்த சிக்கனம், அயலார்க்குப் பார்த்த பேறுகாலம், கோயிலுக்குத் தொடுத்த மாலை ஆகிய எவையும் இல்லை. ஈழநாட்டில் பெண்களின் விடுதலை வேட்கையைச் செய்யுளில் முற்பட எடுத்துரைத்த நூல்களுள் ஒன்றாகிய தத்தை விடு தூது 1892ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அதன் ஆசிரியர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை இத்திருக்கோணமலை மண்ணிற் பிறந்தவர். இந்நகரின் ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி 1923ஆம் ஆண்டில் தங்கம்மா சண்முகம்பிள்ளை என்னும் பெண்மணியால் நிறுவப்பெற்றது. அத்தகைய பாட்டும் பள்ளியும் தோன்றிய ஊரில், அப்பள்ளியிற் கற்ற பெண்களின் வாழ்க்கை ஒரு வாக்கியத்தில் முடிவது பொருந்தாது.

இனி, கல்வெட்டுகள் பேசாது விடும் ஆண்டுகளைப் பற்றியும் கூறுதல் வேண்டும். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய வானூர்திகள் இத்துறைமுகத்தின்மீது குண்டு வீசின. 1957ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படைத்தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பெற்றது. அதனால் பலர் தொழில் மாறியது. 1964ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில் பெரும்புயல் வீசியது. 1986ஆம் ஆண்டில் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்தது. 1983, 1990 ஆகிய ஆண்டுகளின் கலவரமும் போரும் குடும்பங்களை ஊர்விட்டு ஊர் துரத்தின. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரத்தை அழித்தது. நெடிய வாழ்நாள் பெற்ற ஒரு திருக்கோணமலைவாசி இவற்றுள் பெரும்பாலானவற்றைத் தம் கண்ணாற் கண்டிருப்பார். ஆயினும் அவருடைய கல்வெட்டைப் படிப்போர், அவர் எவ்வித இடையூறும் இல்லாத ஒரு பொற்காலத்தில் வாழ்ந்து மறைந்தார் என்றே கருத நேரும். மங்கலமல்லாதவற்றைக் கூறலாகாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆனால் இடிந்த வீட்டை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கட்டியெழுப்பிய மனத்திண்மை மங்கலமல்லாதது ஆகுமா? அதனை விலக்கியபின் அவர் பொறுமையிற் பூமி என்ற தொடர் எதன்மேல் நிற்கும்?

குற்றங்களையும் பூசல்களையும் எடுத்தெழுதவேண்டும் என்பது இங்குக் கருத்தன்று. முப்பத்தோராம் நாள் அதற்குரிய நாளும் அன்று. வேண்டுவது மெய்ந்நிகழ்ச்சியே. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை எழுதியபோது, குருபத்தியிற் சிறிதும் குறையவில்லை. எனினும் அவ்வாசிரியரின் வறுமையையும், அவர் பாடஞ் சொன்ன முறையையும், உடனிருந்தோர் பெயர்களையும் மறைக்கவில்லை. பத்தியும் மெய்ம்மையும் ஒருங்கு நிற்க இயலும் என்பதற்கு அந்நூல் நிலையான சான்று. சிறிய அளவில் ஒரு கல்வெட்டும் அதனைச் செய்ய இயலும்.

அண்மைக் காலத்தில் நினைவு மலர் என்னும் பெயரில் வெளிவரும் நூல்கள் செய்யுளைக் குறைத்து உரைநடையையும் வண்ணப்படங்களையும் பெருக்கியுள்ளன. அவற்றிற் பெரும்பகுதியைப் பல பெரியோரின் இரங்கலுரைகள் நிரப்புகின்றன. பத்துப் பேர் ஒரே பண்பைப் பத்து முறை புகழ்வதினும், மறைந்தவரோடு ஒருநாளேனும் வேலை செய்த ஒருவர் அந்நாளை விவரிப்பது பயனுடையது. மறுபுறம், குடும்ப மரபுவழிப் பட்டியலை இம்மலர்கள் முன்னிலும் விரிவாகத் தருவது பாராட்டத்தக்கது. உறவினர் பல நாடுகளிற் சிதறி வாழும் இக்காலத்தில், கனடாவிலோ இலண்டனிலோ பிறந்த பூட்டப்பிள்ளைக்குத் தன் வேரைக் காட்டும் ஏடு அதுவே.

இச்சிறு நூல்களின் மதிப்பு இன்று பெருகியிருத்தற்கு வேறொரு காரணமும் உண்டு. இடப்பெயர்வுகளின்போது காணியுறுதியும் பிறப்புச் சான்றிதழும் பழைய படங்களும் எரிந்தும் தொலைந்தும் போயின. உறவினர் வீட்டில் ஒரு படி தங்கியிருந்தமையால் கல்வெட்டு மட்டும் பிழைத்த குடும்பங்கள் உள. பல படிகள் அச்சிட்டுப் பல வீடுகளுக்கு வழங்கும் வழக்கமே அதற்குக் காப்பாயிற்று. 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களோடு இத்தகைய நினைவு வெளியீடுகளையும் தொகுத்து யாவரும் படிக்க வைத்துள்ளது. ஒரு குடும்பத்துக்கென எழுதியது ஊர் வரலாற்றுக்கு மூலமாகும் காலம் வந்துவிட்டது. எதிர்கால ஆய்வாளர் அவற்றைத் திறந்து பார்க்கும்போது கன்னனும் பூமியும் மட்டுமே அவருக்குக் கிடைப்பின், இழப்பு ஒரு குடும்பத்தோடு நில்லாது.

ஆதலின் கல்வெட்டுத் தொகுப்போர் செய்யத்தக்கன சில உள. முதலாவது, பாயிரத்தில் வாழ்த்துமுன், மறைந்தவரை அறிந்த முதியோர் மூவரை அணுகி அவர் கூறுவனவற்றை எழுதிக்கொள்ளுதல். இரண்டாவது, ஒவ்வொரு பணியையும் ஆண்டு, இடம், உடன் உழைத்தோர் பெயர் ஆகியவற்றோடு குறித்தல்; உடன் உழைத்தோர் பெயர் வருவதால் மறைந்தவர் பெருமை குறையாது, அதற்குச் சான்று கூடும். மூன்றாவது, பெண்களுக்கும் ஆடவரோடு ஒத்த அளவில் கல்வியும் பணியும் எழுதுதல். நான்காவது, இடர் வந்த ஆண்டுகளை மறையாது கூறுதல். ஐந்தாவது, திதி வெண்பாவைக் கைவிடாதிருத்தல்.

கல்லூரி மாணவர்க்கும் இதிற் பங்கு உண்டு. யாப்பிலக்கணம் கற்கும் மாணவன் திதி வெண்பா ஒன்றைப் பிரித்து அலகிட்டு அறியலாம். வரலாறு கற்கும் மாணவன் தன் வீட்டு அலுமாரியிலுள்ள கல்வெட்டுகளை ஆண்டு முறையில் அடுக்கி, அவற்றுட் கூறப்பெறும் பள்ளிகளையும் கோயில்களையும் தொழில்களையும் பட்டியலிடலாம். அவ்வாறு செய்யும்போது வெற்றிடங்கள் தெரியவரும். அவ்வெற்றிடங்களை நிரப்ப வல்லவர் பலர் இன்றும் அவ்வீடுகளின் திண்ணையிலேயே இருக்கின்றனர். அவர்தம் கல்வெட்டுக்கு வேண்டிய செய்தியை அவர் வாயினாலேயே கேட்டு எழுதுதல் கூடும். கடன் முடித்துக் கன்னியாவிலிருந்து திரும்பியபின், இவர் கோயில் விளக்குக்கு எங்கிருந்து எண்ணெய் கொணர்ந்தார் என்று கேட்பின், விடை சொல்ல ஆள் இருக்கமாட்டார்.